தனபால் மகள் கட்டிலுக்கு வெள்ளை வைத்த கதை

ஆவணி பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. விழுப்புரத்தில் வழக்கமான காலை ரயிலைப் பிடித்தேன். இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தேன். போகும்போது அந்தப் பக்கம் வெயில் அடிக்காது. திண்டிவனத்தில் இறங்கி, சர்க்கரை குறைத்து ஒரு டீ. பட்டறை ஷட்டரைத் தூக்கித் தரையில் தண்ணீர் தெளித்தேன். பாலிஷ் பட்டறையில் அன்றாடம் முதல் வேலை அதுதான். தூசி அடங்குவதற்கு முன் யாரும் பிரஷ்ஷைத் தொடக் கூடாது. பிறகு பழந்துணிகளைத் தரம் பிரித்தேன்: தேய்க்க, துடைக்க, தூக்கியெறிய. அன்று பிற்பகல் ஒரு தேக்குக் கட்டில் வண்டியேற வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கட்டிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எழுதச் சொன்னவர் பழனி. தோள்பட்டை தேய்ந்து போய் நான் வேலையை விட்ட பிறகு என் இடத்துக்கு வந்தவர். போன வாரம் போனில் கேட்டார்:

"ஏன்ணே, இப்பதான் வெள்ள ரேக போட்ட மைக்கா ஷீட்டே வருதே. வாங்கி ஒட்டினா முடிஞ்சிது. நம்ம பாய் இன்னாத்துக்கு இன்னும் பித்தள பிரஷ்ஷ வச்சிக்கினு மரத்தச் சொறிஞ்சிக்கினு இருக்காரு?"

நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். கட்டிலுக்கு வருவதற்குள் அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. நான் எதையும் முதலிலிருந்து சொல்லுகிறவன் என்று வீட்டிலும் புகார் உண்டு. அதனால் எழுத்தில் தருகிறேன். எழுத்துக்கு சார்ஜ் போகாது.

என்னுடைய ஆரம்ப ஆண்டுகளை ஒரு சொல்லில் அடக்கிவிடலாம்: தேய்த்தேன். உப்புத்தாளால் தேய்த்தேன், பிறகு அதைவிட மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். கையில் துணியைக் கொடுத்து அரக்கு பாலிஷ் போடச் சொல்வதற்குள் எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. எங்கள் தொழிலுக்கு அப்போது ஒரே திசைதான். மரத்தின் கண்களை, அதாவது ரேகையோடு ஓடும் நுண்துளைகளை, மக்கு வைத்து அடைப்போம். மேலே கருஞ்சிவப்புச் சாயம், அதற்கு மேல் பளபளப்பு. எங்கள் பக்கத்து வாடிக்கையாளர் மேசையின் மேல் குனிவார். மீசை தெரிந்தால் நல்ல பாலிஷ். தெரியவில்லை என்றால் மறுபடி போடு.

இந்தத் திசையைத் திருப்பியவர் ரபீக் பாய். கோட்டகுப்பத்துக்காரர். ஷார்ஜாவில் நாற்காலி, மேசைகளுக்குப் பாலிஷ் போடும் கம்பெனியில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் பட்டறைக்கு ஃபோர்மேனாக வந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பாலிஷ் பட்டறைக்கு வெள்ளைச் சட்டையில் வந்து, மாலையில் அதே வெள்ளையோடு வீட்டுக்குப் போகும் ஒரே மனிதர். நாங்கள் அவர் சட்டையில் கறை படும் நாளுக்காகக் காத்திருந்தோம். நான் ஓய்வு பெறும் வரை அந்த நாள் வரவில்லை.

பாய்க்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். "ஏகாம்பரண்ணே" என்றால் எல்லாம் நலம். "ஏகாம்பரம் சார்" என்றால் எங்கோ ஒரு சொட்டு வழிந்திருக்கிறது. "ஏகாம்பரம் ஐயா அவர்களே, சித்த இப்பிடி வர முடியுங்களா?" என்றால் அன்றைய வேலை முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டியதுதான். புறங்கையால் பலகையைத் தடவுவார். பிடிக்காவிட்டால், "ரொம்ப அழகு. இதே மாதிரி இல்லாம இன்னொரு வாட்டி செஞ்சிடுங்க" என்பார். பட்டறைப் பூனை ஈரமான மேசைமேல் நடந்தபோதுகூட, "எறங்குறீங்களா, தாயி?" என்றுதான் கேட்டார்.

தனபால் எங்களுக்கு அறிமுகமானது மரத்தோடு. மயிலத்துக்கு அந்தப் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். மோட்டார் கொட்டகை ஓரம் நின்ற தேக்கு, ஒரு புயலில் கொட்டகை மேலேயே விழுந்தது. கொட்டகை போனதைப் பற்றி அவர் பேசவே மாட்டார். மரத்தை அறுத்து, மாட்டுக்கொட்டகைப் பரணில் வருடக்கணக்கில் காயவைத்து, மகள் கலைவாணியின் கல்யாணத்துக்குக் கட்டில் செய்ய எடுத்து வந்தார். "கருந்தேக்கு கலரு, நல்லா பளபளன்னு. எங்கூட்டுத் தேக்குன்னு பாக்கறவன் சொல்லணும்" என்று பட்டறை ஓனரிடம் சொன்னார். ஓனர் சரி என்றார்.

கலைவாணி முண்டியம்பாக்கத்தில் நர்ஸ். தச்சு வேலை முடிகிற சமயத்தில் ஒரு படத்தைப் போனில் அனுப்பி, கட்டில் இப்படி வேண்டும் என்றது. ரேகைகளில் வெள்ளை ஓடும், சாம்பல் படிந்த மாதிரியான கட்டில். ஓனர் அதற்கும் சரி என்றார். எங்கள் ஓனர் யாருக்கும் முடியாது என்று சொல்லி நான் பார்த்ததில்லை. மற்றபடி நல்ல மனிதர்.

இரண்டு சரியும் ஒருநாள் பட்டறையில் நேருக்கு நேர் சந்தித்தன. மகள் டியூட்டி முடிந்து வந்திருந்தது. தனபால் ஏற்கெனவே ஸ்டூலில் இருந்தார். தன் தேக்கை மாற்றிவிடுவோமோ என்று தினமும் டி.வி.எஸ்.ஸில் வந்து காவல் உட்காருவது அவர் வழக்கம். காவல் காப்பவர் வெறுங்கையோடு வர மாட்டார். அவித்த மல்லாட்டை கொண்டு வருவார். எங்களுக்கு அந்தச் சந்தேகத்தில் ஆட்சேபணை இருந்ததே இல்லை.

"வெள்ள அடிச்சா அது தேக்குன்னு எவனுக்குத் தெரியும்?" என்றார் தனபால். "பிளைவுட்ட குடுத்து ஏமாத்திட்டான் தனபாலுன்னு சொல்லுவானுங்க."

"மாப்ள ஊட்ல ரூம நான் பாத்துக்கினு வந்தேம்பா. ஒத்த ஜன்னலு. அதுக்கும் எதுக்க சொவுரு. கருப்புக் கட்டில போட்டா ஆள் படுத்துக்கினு இருக்கறதே தெரியாது. நைட் டியூட்டி முடிச்சிட்டுப் பகல்ல அங்கதான் இருக்கணும் நானு."

"லைட்டு போட்டுக்கறது."

"அப்ப லைட்ட சீரா குடு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இருவரும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. அவர் எங்கள் ஓனரைப் பார்த்து, "அந்தம்மா இன்னா சொல்லுதோ அத்தயே செய்யுங்க. எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். ஒண்ணுமில்லை என்று சொன்ன முகத்தை நான் பார்த்தேன். ஓனர் சொல்லை மட்டும் கேட்டார்.

பாய் அப்போது ஊரில் இல்லை, தங்கை வீட்டு விசேஷத்துக்கு விடுப்பில் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுக்கலாம் என்றேன். "மரத்துக்குச் சுண்ணாம்பு வைக்க ஷார்ஜா போய் வரணுமா ஏகாம்பரம்?" என்றார் ஓனர். பழைய காலத்தில் சுண்ணாம்பையே மரத்தில் தேய்த்துத்தான் இந்த வெள்ளையைக் கொண்டு வந்தார்களாம், ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். காளவாய்ச் சுண்ணாம்பு வாங்கி நீற்றி, வடிகட்டி, தானே பிரஷ் பிடித்தார். கட்டிலின் தலைப்பலகையில் ஓரமாகத் தொட்டுப் பார்த்தார். ஈரத்தில் பளிச்சென்று இருக்கவே பாதிப் பலகைக்குத் தடவிவிட்டார். வெண்மையாக, கோயில் மதில் மாதிரி இருந்தது. தூரப்போய் நின்று பார்த்து மகிழ்ந்தார்.

காலையில் அதைத் துடைத்தோம். அடியில் பலகை சிவந்து, கறுத்து, பழுப்பேறியிருந்தது. தேக்கில் உள்ள துவர்ப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் நிறம் மாறும். பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் வெற்றிலை போடும் எல்லாருக்கும் தெரியும். ஓனரே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறவர்தான். வாயில் தெரிந்தது கட்டிலில் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மல்லாட்டைப் பையோடு தனபால் உள்ளே வந்தார். பலகையைப் பார்த்தார். வாயிலிருந்த வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். மறுபடி பார்த்தார்.

"வெத்தல போட்டது நானு. செவந்தது கட்டிலா?"

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கே சிரிப்பு வரவில்லை. "வேற மரம் இல்லீங்க எங்கிட்ட. இருந்த தேக்கு இவ்ளோதான். நாளிக்கு வண்டி எடுத்துக்கினு வர்றேன். எப்பிடி இருக்குதோ அப்பிடியே ஏத்தி உடுங்க. கடையில ஏதாச்சும் கட்டிலு வாங்கி அந்தம்மாவுக்குக் குடுத்துக்கறேன்." பையை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று மல்லாட்டையை யாரும் தொடவில்லை. பூனை மட்டும் பையை மோந்து பார்த்தது.

சாயங்காலம் பாய் வந்தார். பலகையை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார், புறங்கையால் தடவினார். ஓனர் பேரேட்டைப் புரட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

"முதலாளி ஐயா அவர்களே" என்றார் பாய். "தங்கள் கைவேலைங்களா இது?"

அந்தப் பட்டறையில் நான் கேட்ட உச்சபட்ச மரியாதை அதுதான். ஓனர் எழுந்தே நின்றுவிட்டார்.

மறுநாள் வண்டி வருவதற்குள் கறையை எடுக்கத் தொடங்கினோம். முதலில் வினிகர் கலந்த தண்ணீர். சுண்ணாம்பின் காரம் சாக வேண்டும். நுரை அடங்கிய பிறகு ஆக்ஸாலிக் பவுடரை வெந்நீரில் கரைத்துத் தடவினோம், கையுறையோடு. ஒரு பகுதிக்கு மட்டும் தடவினால் அந்த இடம் தேமல் மாதிரி வெளுக்கும் என்று பலகை முழுவதற்கும் தடவச் சொன்னார் பாய். பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை கழுவினோம். "ஜல்தி பண்ணாதீங்க, ஏகாம்பரம் சார்" என்றார். சார் என்றதால் கழுவியதை மறுபடி கழுவினேன். சிவப்பு மெல்ல வடிந்தது. கீழ் மூலையில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, ஒரு பழுப்பு நின்றுவிட்டது. ஓனர் முதலில் தொட்டுப் பார்த்த இடம்.

தனபால் சின்ன லாரி ஒன்றோடு வந்தார். பாய் அவரைத் தடுக்கவில்லை. "ஏத்திக்கலாங்க. அதுக்கு மின்ன உங்க மரத்துல ஒரு துண்டு கெடக்குது. சித்த புடிங்க" என்று, கட்டில் செய்து மிஞ்சிய ஒரு வெட்டுத் துண்டை அவர் மடியில் வைத்தார். முழ நீளம் இருக்கும். முந்தின நாளே பக்குவப்படுத்தி வைத்திருந்தார்.

அந்தப் பக்குவத்தைப் பழனிக்காகச் சொல்கிறேன். தேக்கில் எண்ணெய் உண்டு. முதலில் தின்னர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் ரேகையின் நெடுக்கே அழுத்தி இழுக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மரம் புதிதாகத் துளிர்க்கும்போது வளரும் பகுதி மெத்தென்று, பெரிய துளைகளோடு இருக்கும். அது பெயர்ந்து வாய்க்கால் மாதிரி பள்ளமாகும். இரும்பு பிரஷ் ஆகாது. உடைந்த இரும்புத் துணுக்கு தேக்கில் தங்கினால், ஈரம் பட்டதும் கறுப்புப் புள்ளி வைக்கும். தூசியை ஊதி எடுத்துவிட்டு, தண்ணீராய்க் கரைத்த சீலர் ஒரே ஒரு பூச்சு. இது இல்லாவிட்டால் வெள்ளை மேட்டிலும் ஏறிக்கொள்ளும். அதிகமானால் வாய்க்காலே அடைந்துவிடும். அதன் மேல்தான் வெள்ளைப் பசை, சுண்ணாம்பு சேராதது. சாக்குத் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, ஈரப் பளபளப்பு மங்கும்வரை காத்திருந்து, துடைக்க வேண்டும்.

பாய் அந்தத் துண்டில் பசையைத் தேய்த்தார். முழுத் துண்டும் வெள்ளையாகிவிட்டது. தனபால், "இதத்தான் நான் வேணாங்கறேன்" என்றார்.

"இருங்க. இந்தாங்க துணி. நீங்களே தொடைங்க."

அவர் கோபத்தோடு நெடுக்கே ஓர் இழுப்பு இழுத்தார். பள்ளத்திலிருந்த வெள்ளையும் சேர்ந்து வந்துவிட்டது.

"குறுக்கால தொடைங்க, ஐயா. நெடுக்கத் தொடைச்சா வருஷமெல்லாம் வெளிய வந்துடும்."

பாய் மறுபடி பசை வைத்தார். தனபால் குறுக்கே துடைத்தார். மேட்டில் தேக்கு தேக்காகவே தெரிந்தது. பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது. கோடு கோடாக, சில இடத்தில் அகலமாக இடைவெளி விட்டு, சில இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு.

தனபால் கையை நிறுத்திவிட்டார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது இன்னாது, இங்க மட்டும் இப்பிடி நெருக்கமா?"

"மழ இல்லாத வருஷம்னா மரம் வளராதுங்க. கோடு கிட்டக்கிட்ட வந்துடும்."

அவர் வெளிச்சத்துக்கு நகர்ந்தார். கருந்தேக்குச் சாயம் அடித்திருந்தால் இந்தக் கோடுகளில் பாதி கண்ணுக்கே தெரிந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து, எங்களிடம் அல்ல, துண்டிடம் பேச ஆரம்பித்தார். "இது கெணறு வத்தின வருஷம். கேப்பதான் போட்டோம், அதுவும் காஞ்சிது. இதோ அகலமா வருது பாரு, இது போர் போட்ட வருஷம். ஆமா, அப்பதான் மோட்டாரு வெச்சேன், தண்ணி பூரா இது வேருக்குத்தானே போச்சி! திருட்டு மரம்!"

லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். யாரும் திரும்பவில்லை.

கலைவாணி வாசலில் நின்றுகொண்டிருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். ஓனர் போன் செய்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்; டியூட்டி முடிந்து நேரே பஸ் ஏறி வந்துவிட்டது. திட்டுவதற்குத்தான் வந்தது, முகத்திலேயே தெரிந்தது. அப்பாவின் பின்னால் வந்து எட்டிப் பார்த்தது.

"நான் பொறந்த வருஷம் எதுப்பா?"

தனபால் தலையைத் தூக்கவில்லை. விரலைக் கோடுகளின் மேல் நகர்த்தினார். "நீ பொறந்தப்ப... கெணறு வத்தினதுக்கு அடுத்த வருஷம். பெரிய மழ. ஆஸ்பத்திரிக்கு டிராக்டர்லதான் உங்கம்மாவ இட்டுக்கினு போனோம்." விரல் நின்றது. "இந்தா. இது நீ."

அந்தப் பெண் குனிந்து பார்த்தது. "நல்லா குண்டாத்தான் இருந்திருக்கேன்."

"மரம் குண்டா இருந்திச்சி. நீ ஓணான் மாதிரி இருந்த."

பாய் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஒரு பிரஷ்ஷைக் கழுவப் போனார். ஓனர் டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து லாரியைத் திருப்பி அனுப்பினார்.

கட்டில் முழுவதையும் அதே முறையில் செய்தோம். கடைசிப் பூச்சுக்குப் பளபளப்பில்லாத, மஞ்சளடிக்காத லேக்கர். சாதா வார்னிஷ் போட்டால் ஆறே மாதத்தில் வெள்ளைக்குக் காமாலை வந்துவிடும். மூலையில் நின்ற பழுப்புக்கு என்ன செய்வது என்று பாய் கேட்டார். வெள்ளையைக் கெட்டியாக வைத்தால் மறைந்துவிடும், ஆனால் அங்கே கோடுகளும் மறையும். தனபால் யோசிக்கவே இல்லை. "உடுங்க. நான் வெத்தல துப்பின எடம்னு சொல்லிக்கறேன்." காவல் வேலை மட்டும் நிற்கவில்லை. முன்பு மரத்தைப் பார்க்க உட்கார்ந்தவர், இப்போது வருகிற போகிற வாடிக்கையாளருக்கெல்லாம் மழைக் கணக்குச் சொல்ல உட்கார்ந்தார். எங்களுக்கு முன்பிருந்ததே மேல் என்று தோன்றியது.

மிஞ்சிய சுண்ணாம்பை ஓனர் பட்டறையின் பின்சுவருக்கு அடித்தார். பாய் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு ஓனரே" என்றார். ஐயாவும் இல்லை, அவர்களேயும் இல்லை. ஓனர் அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தார்.

ஆக, அந்த வியாழக்கிழமை. காலையில் மயிலம் மலைக்கோயிலில் கல்யாணம். பிற்பகல் கட்டிலை ஏற்றி விழுப்புரத்துக்கு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பினோம். என் வீடு அந்த ஊர் என்பதால் வண்டியோடு நானும் போனேன். தனபால் பட்டு வேட்டியோடு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். மாப்பிள்ளையின் அத்தை கட்டிலைச் சுற்றி வந்துவிட்டு, "இன்னாங்க சம்மந்தி, பாலிஷ் போடறதுக்குள்ள தூக்கிக்கினு வந்துட்டீங்களா?" என்றார். கேட்டிருக்கக் கூடாது. தனபால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் போர் போட்ட வருஷம் வரை கேட்டுவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லித் தப்பித்தார்.

கட்டிலை அறையில் போட்டோம். ஒற்றை ஜன்னல்தான். எதிரே சுவர்தான். அந்தக் கொஞ்ச வெளிச்சமும் கட்டில் மேல் விழுந்து, அறையில் அது மட்டும் துலக்கமாக நின்றது. தனபால் ஜன்னலைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "பொண்ணு மெய்யாத்தான் சொல்லிக்கிது" என்றார். தலைப்பலகையில் அகலமான ஒரு கோட்டில் விரலை வைத்துவிட்டு வெளியே போனார்.

பழனி, மைக்கா ஷீட்டை நான் குறை சொல்லவில்லை. என் வீட்டு அலமாரியே அதுதான். அதில் எல்லா வீட்டுக்கும் ஒரே மழை பெய்திருக்கும், அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வழக்கமான ரயில், வழக்கமான டீ. பட்டறைக்குப் போனால் மூடிய ஷட்டருக்கு முன்னால் டி.வி.எஸ். நிற்கிறது. பக்கத்தில் தனபால். கையில் மல்லாட்டைப் பை இல்லை. கண் தூங்காத கண்.

"அந்த வெட்டுத் துண்டு இருக்குதுங்களா?" என்றார். "கட்டிலு போயிட்டுது. ஊட்ல பாக்க ஒண்ணும் இல்ல."

அந்தத் துண்டைப் பாய் வாடிக்கையாளருக்கு மாதிரி காட்ட எடுத்து வைத்திருந்தார். பட்டறையில் வேறு மாதிரி கிடையாது. பாய் எனக்குப் பின்னால் வந்து நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஷட்டரைத் தூக்கினேன். தண்ணீர் தெளிக்கக் குடத்தை எடுத்தேன்.

"அது அப்புறம் ஆவட்டும், ஏகாம்பரண்ணே" என்றார் பாய்.

டிரில் மெஷினை எடுத்து வந்தார். நான் துண்டைப் பிடித்துக்கொள்ள, தனபால் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்காக அதன் மேல் விளிம்பில், எந்தக் கோட்டிலும் படாமல், இரண்டு துளைகள் போட்டார்.